அமிர்தநாதன் ஐயா இருந்த ஆஸ்பத்திரி

சுகிர்தம் மிஸ்ஸி பிற்காலத்தில் வேறு ஆஸ்பத்திரிகளிலும் வேலை பார்த்தாள். மின்சார விளக்கு, திருகினால் தண்ணீர் கொட்டும் குழாய், வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சுவர் என்று வசதியான இடங்களும் அவற்றில் உண்டு. ஆனாலும் "நம்ம ஆஸ்பத்திரி" என்ற சொல் அவள் வாயில் வந்தால், அது இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே வெள்ளைக்கல் தோட்டத்தில் தேயிலை மலைக்கு நடுவே தகரக்கூரையோடு நின்ற அந்த நீளக் கட்டடம்தான். மழைக்காலம் வந்தால் சுவரெல்லாம் ஓதம் ஏறும். போர்வைகளில் விறகுப்புகை வாடை போகவே போகாது. அதை நினைத்து ஏங்க அப்படி என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், அவள் அமிர்தநாதன் ஐயாவைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பாள்.

அவள் அங்கே போய்ச் சேர்ந்தது ஐம்பத்திரண்டாம் ஆண்டு. நோர்வூட்டில் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். கண்டியில் மருத்துவிச்சிப் பயிற்சி முடித்த கையோடு வந்திருந்தாள். தோட்டத்துச் சனங்களுக்கு மருத்துவிச்சி என்றால் மிஸ்ஸி. அப்போது ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாக இருந்தவர் றோலண்ட் ஐயா. டாக்டருக்குப் படித்தவரல்ல, தோட்டங்களில் வைத்தியம் பார்க்கப் பயிற்சி பெற்றவர். மாதத்துக்கு ஒருமுறை காரில் வந்து போகும் பெரிய டாக்டரைத் தவிர வேறு வைத்தியர் இல்லாததால் சனங்களுக்கு அவர்தான் டாக்டரையா. கெட்டிக்காரர். கண்ணிமையை இழுத்துப் பார்த்தே இரத்தம் குறைந்திருப்பதைச் சொல்லிவிடுவார். ஆனால் அவருடைய சப்பாத்துச் சத்தம் வராந்தாவில் கேட்டால் நோயாளிகூட இருமலை அடக்கிக்கொள்வான். வேலைக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தரையில் ஒரு கறை இருந்தால் சம்பளத்தில் பிடிப்பார். பாத்திரம் விழுந்தால் பரம்பரையையே இழுத்து வைவார்.

அதில் தப்பிருப்பதாக அன்றைக்குச் சுகிர்தத்துக்குத் தோன்றவில்லை. அதட்டி வேலை வாங்காவிட்டால் ஆஸ்பத்திரி நாறிப் போகும் என்றுதான் அவளும் நம்பினாள். பெரிய டாக்டர் வரும் நாளில் தரை கண்ணாடியாகப் பளபளக்கும், கட்டில்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவரும் தலையாட்டிவிட்டுப் போவார்.

அந்தப் பளபளப்புக்கு அடியில் நடந்தது வேறு. வார்டில் எடுபிடி வேலை பார்த்த காளியாயியின் கை தவறி ஒருநாள் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக்குழாய் உடைந்துபோனது. இருந்ததே அது ஒன்றுதான். காளியாயி கணவனை இழந்தவள். வேலை போனால் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போய்விடும். உடைந்த சில்லுகளைத் தேயிலைத் தூரில் புதைத்துவிட்டு வந்து சுகிர்தத்தின் முன்னால் கும்பிட்டபடி நின்றாள். சுகிர்தத்துக்கும் பயம்தான், கவனிக்காமல் விட்டது யார் என்று அவளைத்தானே முதலில் கேட்பார்கள்? இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அதன்பிறகு காளியாயி நோயாளியின் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள், சுகிர்தம் மனதில் தோன்றியதைக் கட்டில் அட்டையில் எழுதுவாள். றோலண்ட் ஐயா அந்த அட்டையைப் பார்த்து மருந்து கொடுப்பார்.

சனங்களுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனாலும் ஆஸ்பத்திரி என்றால் ஒதுங்கித்தான் போனார்கள். பிள்ளைப்பேற்றுக்கென்று போட்டிருந்த கட்டில்களில் பாதி நாள் பூனைதான் படுத்திருக்கும். பெண்கள் புகை மண்டிய லயத்துக் காம்பராவிலேயே சாக்கை விரித்துப் பெற்றுக்கொண்டார்கள். எத்தனையோ பிள்ளைகள் உலகம் பார்க்காமலே போயின.

றோலண்ட் ஐயா ஓய்வு பெற்றுப் போனார். ஐம்பத்து நான்கு ஆனி மாதத்து அடைமழையில் அமிர்தநாதன் ஐயா வந்து சேர்ந்தார்.

ஒல்லியான மனிதர். நாற்பது வயதைத் தாண்டியிருப்பார். மூக்குக்கண்ணாடியில் மழைத்துளி வழிய வந்து நின்றவரைப் பார்த்துக் காளியாயி, "நோயாளிங்க எல்லாம் அந்தப் பக்கங்க" என்று கை காட்டிவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே அவள் காட்டிய பக்கமே போனார். கட்டில் கட்டிலாக நின்று பேசினார். பிறகு கக்கூசைப் பார்த்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று கேட்டு, குடை பிடித்துக்கொண்டு மலையேறி ஊற்று விழும் பீலித்தலை வரைக்கும் போய் வந்தார். மத்தியானம் தன் அறைக்குச் சாப்பாடு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, நோயாளிகளுக்குக் காய்ச்சிய கஞ்சியில் ஒரு கோப்பை வாங்கிக் குடித்தார். சமையல்காரன் மாயாண்டி சுவரோரம் ஒண்டி நின்றான்.

"உப்பே இல்லையே, மாயாண்டி."

"உப்பு தீந்து நாளாச்சுங்கய்யா."

"கேக்கலயா?"

 கேட்டால் முந்தின உப்பை என்ன செய்தாய் என்று வரும். அதனால்தான் மாயாண்டி கேட்கவில்லை. ஐயா அதற்கு மேல் துருவவில்லை.

மறுநாள் காலையில் எல்லோரையும் சமையலறைக்கு வரச் சொன்னார். அடுப்பைச் சுற்றி உட்காரச் சொல்லி மாயாண்டியைப் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றவைத்தார். வாசல் கூட்டும் மூக்கனிலிருந்து சுகிர்தம் வரை ஆளுக்கொரு கோப்பை. இவர் என்ன செய்யப் போகிறாரோ என்று எல்லோரும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்கள்.

"நேத்து நம்ம ஆஸ்பத்திரியில என்னென்ன தப்பாப் போச்சு? தெரிஞ்சவங்க சொல்லுங்க. யாரு செஞ்சாங்கன்னு எனக்கு வேணாம், என்ன நடந்துச்சுன்னு மட்டும் போதும்."

யார் வாய் திறப்பார்கள்? அன்றைக்கும் அதற்கடுத்த நாளும் விறகு வெடிக்கும் சத்தம்தான் கேட்டது. ஒரு வாரம் இப்படியே போனது. சுகிர்தத்துக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. இந்த மனிதரின் தலையில் இவர்கள் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு காலை, யாரும் பேசாமல் இருக்கையில் அவரே தொண்டையைச் செருமினார்.

"சரி, நான் சொல்றேன். நேத்து ராத்திரி சன்னலோரக் கட்டில்காரருக்கு ஊசி போட்டிருக்கணும். மறந்துட்டேன். காலையில மனுசன் மூச்சு வாங்குறதப் பாத்துத்தான் ஞாபகம் வந்துச்சு. இப்ப போட்டுட்டேன். அவருகிட்டயும் சொல்லிட்டேன். இனி மறக்காம இருக்க என்ன செய்யலாம்?"

சுகிர்தம் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்காக அவளுக்குத்தான் வெட்கமாக இருந்தது. பொறுப்பில் இருப்பவர் வாசல்கூட்டியின் முன்னால் இப்படியா பேசுவது? ஆனால் மூக்கன் மெதுவாக வாயைத் திறந்தான்.

"வெளக்கேத்தறப்ப நான் வந்து ஞாபகப்படுத்தட்டுங்களாய்யா? நான் எப்படியும் அந்த நேரம் வார்டுக்கு வருவேங்க."

"செய், மூக்கன். பெரிய உதவி."

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். உப்புத் தீர்ந்தும் கேட்கப் பயந்ததை மாயாண்டி சொன்னான். கக்கூஸ் கதவு மூடவில்லை என்பதால் பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் அப்படித்தான் வெளியே வந்தது. ஒருநாள் காளியாயி எழுந்து நின்று, கையைப் பிசைந்தபடி, காய்ச்சல் பார்க்கும் குழாய் உடைந்த கதையைச் சொன்னாள். சுகிர்தத்தின் பெயரை அவள் சொல்லவில்லை. சொல்லாததுதான் சுகிர்தத்தைச் சுட்டது.

"அட்டையில எழுதினது நாந்தாங்கய்யா," என்றாள் சுகிர்தம்.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "சொன்னது நல்லது, மிஸ்ஸி" என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே தோட்டத்துத் துரையின் ஆபீசுக்கு நடையாய் நடந்து புதிய குழாய்கள் இரண்டு வாங்கி வந்தார். ஒன்று உடைந்தால் இன்னொன்று இருக்க வேண்டும் என்றார்.

அழகம்மாவின் விசயம் நடந்தது மறுவருடம். அவள் தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்து வேலைக்காரன் வீரய்யாவின் மகள். மூன்று வயது. நெஞ்சுச் சளிக்காகக் கட்டிலில் சேர்த்திருந்தார்கள். அன்று காலை பிள்ளைகளுக்கு இருமல் மருந்து கொடுத்துக்கொண்டு வந்த காளியாயி, அழகம்மாவுக்கு இரண்டு கரண்டி ஊற்றிவிட்டு அப்படியே நின்றாள். மூக்கில் ஏறிய வாடை இருமல் மருந்தின் வாடை இல்லை. அது குடல்பூச்சிக்குக் கொடுக்கும் தைலம். பெரியவர்களுக்கே துளிக்கணக்கில்தான் அளந்து கொடுப்பார்கள். இரண்டும் ஒரே மாதிரிப் பழுப்புப் போத்தல். ஒட்டியிருந்த காகிதம் ஓதத்தில் கழன்று விழுந்திருந்தது.

காளியாயி வராந்தாவில் ஓடி வந்த ஓட்டம் சுகிர்தத்தின் கண்ணைவிட்டு இன்றைக்கும் போகவில்லை.

"ஐயா, மருந்த மாத்திக் குடுத்துட்டேங்கய்யா! பூச்சித் தைலங்கய்யா!"

"எவ்வளவு?"

"ரெண்டு கரண்டிங்க."

"எப்ப?"

"இப்பத்தாங்கய்யா, இந்த நிமிசம்."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. பதில் காதில் விழும்போதே ஓடினார். இறப்பர்க் குழாயைப் பிள்ளையின் தொண்டைவழியே இறக்கி, வெதுவெதுப்பான தண்ணீரை விட்டு விட்டு வயிற்றைக் கழுவினார். சுகிர்தம் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் வாடையில்லாமல் வெளியே வரும்வரை அவர் விடவில்லை. முடிந்த பிறகு பார்த்தால் காளியாயி சுவரில் தலையை மோதிக்கொண்டு நின்றாள்.

"காளியாயி, இங்க வா. அழுவுறதுக்கு இப்ப நேரமில்ல. புள்ள கையப் புடிச்சிக்கிட்டு உக்காரு. கை சில்லுன்னு ஆனா உடனே கூப்புடு."

பிள்ளை கண் திறக்காமல் கிடந்தது. மூச்சு மட்டும் ஓடியது. நேரம் போகப் போக, சாப்பாட்டு நேரத்தில் அப்பன் வருவானே என்ற நினைப்பு சுகிர்தத்துக்கு வந்தது. அவள் ஐயாவைத் தனியாக அழைத்தாள்.

"காச்சல் கூடிப்போச்சுன்னு சொல்லிருவோங்கய்யா. புள்ள எந்திரிச்சிட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியப் போறதில்ல."

"எந்திரிக்கலேன்னா, மிஸ்ஸி?"

அவள் திரும்பிப் போய்ப் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டாள்.

வீரய்யா மலையிலிருந்து நேரே வந்தான். இடுப்பில் கவ்வாத்துக் கத்தி. தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. அமிர்தநாதன் ஐயா வாசலுக்கே போய் அவனை எதிர்கொண்டார்.

"வீரய்யா, புள்ளைக்கு நாங்க மருந்து மாத்திக் குடுத்துட்டோம். எங்க கையால நடந்த தப்பு. உடனே வயித்தக் கழுவிட்டேன். பொழைக்கும்னுதான் நினைக்கிறேன். ஆனா சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது."

வீரய்யாவின் முகம் கறுத்தது. "யாருங்க குடுத்தது?"

"இது என் பொறுப்புல இருக்கிற ஆஸ்பத்திரி. நாந்தான் குடுத்தேன்னு வச்சிக்க."

உள்ளேயிருந்து காளியாயியின் குரல் வந்தது. "நாந்தாண்ணே குடுத்தேன்." பிள்ளையின் கையை விடாமல்தான் சொன்னாள்.

 வீரய்யா ஐயாவையும் பார்த்தான், காளியாயியையும் பார்த்தான். பிறகு இடுப்புக் கத்தியை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, தரையில் குந்தி, பிள்ளையின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டான்.

"செத்திருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பீங்களாய்யா?"

"இதத்தான் சொல்லியிருப்பேன்."

விளக்கேற்றும் நேரத்தில் அழகம்மா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, ரொட்டி" என்றாள். மாயாண்டி மாவு பிசைந்த கையோடு சமையலறையில் அழுததை மூக்கன் ஓடி வந்து சொன்னான். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஐயாவே ஊட்டினார்.

விசயம் பெரிய துரையின் காதுக்கு எட்டாமல் இருக்குமா? மறுநாளே ஐயாவையும் சுகிர்தத்தையும் ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். கோபக்கார வெள்ளைக்காரர். நாற்காலி காட்டவில்லை.

"அந்தப் பெண்ணுக்கு வேலைநீக்கப் பத்துச்சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடு. இந்த மாதமே லயத்தைக் காலி செய்யட்டும்," என்றார் இங்கிலீசில்.

"அவளை அனுப்ப முடியாது, சார்," என்றார் அமிர்தநாதன் ஐயா. குரலை அவர் உயர்த்தவே இல்லை. "இரண்டு போத்தல்களும் ஒரே தட்டில் இருந்தன. காகிதம் கழன்றிருந்தது. அப்படி வைக்கவிட்டது நான். யாராவது போகத்தான் வேண்டுமென்றால் நான் போகிறேன்."

துரை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார். சுகிர்தத்தின் பக்கம் திரும்பினார். "நீ பயிற்சி பெற்றவள். நீ சொல். அவளை வைத்திருக்கலாமா?"

இந்தக் கேள்வி முந்தின வருடம் வந்திருந்தால் அனுப்புங்கள் என்றுதான் அவள் சொல்லியிருப்பாள்.  கண்டியில் படித்த இங்கிலீசெல்லாம் எங்கோ போய் ஒளிந்துகொண்டது. கிடைத்த சொற்களைக் கோத்துச் சொன்னாள்.

"அவள் ஓடி வந்து சொன்னதால்தான் பிள்ளை பிழைத்தது, சார். முன்னாலெல்லாம் நாங்கள் சொல்லமாட்டோம். ஒளித்துவிடுவோம். நானே ஒளித்திருக்கிறேன். இன்று இவளை அனுப்பினால் நாளையிலிருந்து எல்லோரும் மறுபடியும் ஒளிப்பார்கள். அப்புறம் பிள்ளை செத்த பிறகுதான் உங்களுக்கும் தெரியும்."

துரை சன்னலோரம் போய் நின்று வெளியே பார்த்தார். மலையில் கொழுந்தெடுப்பவர்கள் நிரை நிரையாக நின்றார்கள். பிறகு திரும்பாமலே, "அந்தத் தைலத்தை வைக்க என்ன வேண்டும்?" என்றார்.

"பூட்டுள்ள ஓர் அலமாரி, சார்," என்றார் ஐயா.

"ஆசாரியை அனுப்புகிறேன். இன்னொரு தடவை நடந்தால் உங்கள் இரண்டு பேரையும் அனுப்பிவிடுவேன்."

ஆபீஸ் வாசல் தாண்டியதும் அமிர்தநாதன் ஐயா நின்றார். "மிஸ்ஸி, எனக்குக் கையெல்லாம் நடுங்குது பாருங்க" என்று விரல்களை நீட்டிக் காட்டினார். உண்மையிலேயே நடுங்கின. ரோட்டில் நின்றபடி இருவரும் சிரித்தார்கள். வருடங்கள் கழிந்தும் அந்தச் சிரிப்பை நினைத்தால் சுகிர்தத்துக்கு நெஞ்சு இதமாகும்.

ஆசாரி செல்லசாமி அலமாரி செய்து கொடுத்தார். எழுத்துத் தெரியாதவர்களுக்கு அடையாளம் வேண்டுமே என்று அடுப்படியில் பேச்சு வந்தது. ஆளுக்கொன்றாகச் சொல்லி, கடைசியில் ஆபத்தான போத்தல்களின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டுவதென்று முடிவானது. தன் பழைய சேலையைக் கிழித்துக் கட்டியவள் காளியாயி.

வீரய்யா இதையெல்லாம் லயத்தில் போய் என்ன சொன்னானோ தெரியாது. தை மாதக் குளிரில் அவன் மனைவி ராக்காயி வலியெடுத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்தாள். பூனையை விரட்டிவிட்டுக் கட்டிலை விரித்தாள் சுகிர்தம்.

"லயத்துல பெத்துக்காம இங்க வந்துட்டியே, பயமில்லையா?" என்று கேட்டாள்.

"எங்கவூட்டு ஆளுதாங்க சொன்னாரு," என்றாள் ராக்காயி, வலிக்கிடையில். "அங்க தப்பு நடந்தாலும் மறைக்க மாட்டாங்க, போன்னாரு."

ஆண்பிள்ளை. கொழுத்த பிள்ளை. அந்த அழுகை வார்டு முழுக்கக் கேட்டது. அடுத்த மாதம் மேல்லயத்திலிருந்து இருவர் வந்தார்கள். பிறகு தோட்டத்தின் மற்ற டிவிசன்களிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். ஒரு மழைக்காலத்தில் கட்டில் போதாமல் சுகிர்தம் தன் சொந்தக் கட்டிலையே தூக்கிப் போட வேண்டியதாயிற்று. பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இங்கே என்ன மந்திரம் போட்டீர்கள் என்று கேட்டார். காலையில் சாயத்தண்ணி குடிக்கிறோம் என்றார் அமிர்தநாதன் ஐயா. பெரிய டாக்டர் அதைப் பகடி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

ஐம்பத்தொன்பதில் அவரை டயகமப் பக்கம் மாற்றினார்கள். அடுத்து வந்தவர் நல்லவர்தான், ஆனால் அடுப்படியில் உட்காருகிறவரல்ல. சில பழக்கங்கள் நிலைத்தன, சில மெல்ல மெல்ல மறைந்தன. இரண்டு வருடத்தில் சுகிர்தமும் நோர்வூட் பக்கம் மாற்றலாகிப் போனாள்.

அறுபத்து நாலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அட்டன் பஸ் நிலையத்தில் அவள் தோளை யாரோ தொட்டார்கள். காளியாயி. முன்தலை நரைத்திருந்தது. இருவரும் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

"மிஸ்ஸிக்குத் தெரியுங்களா? ஐயா தவறிட்டாங்க. மாசி மாசம். நெஞ்சுவலின்னாங்க. வீரய்யா அண்ணன் எங்க எல்லாரையும் லொறியில ஏத்திக்கிட்டுப் போனாரு. அந்தத் தோட்டத்துச் சனம் முழுக்க மாதா கோயில்ல நின்னுச்சுங்க."

சுகிர்தத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது. கண்ணீர் வந்தபடி இருந்தது, துடைக்கத் தோன்றவில்லை.  பிறகு காளியாயி தாவணிப் பிள்ளை போல வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னா சிரிப்பு?"

"ஐயாவுக்கு ரத்தம் உறிஞ்சுற அட்டைன்னா பயம்னு ஒங்களுக்கு ஞாபகமிருக்குங்களா, மிஸ்ஸி? கீழ்மலையில காலொடிஞ்ச ஆளப் பாத்துட்டு வந்து, கால்சட்டைய மடிச்சாரு. ஒரே ஒரு அட்டைங்க. ஐயோ மாதாவேன்னு பெஞ்சு மேல ஏறி நின்னாரு பாருங்க! தொரைக்குப் பயப்படாத மனுசன்!"

"நீதானே உப்பு வச்சு எடுத்த?"

"நான் எங்கங்க எடுத்தேன்? சிரிச்சுச் சிரிச்சு என்னால முடியல. மூக்கன்தான் எடுத்தான்."

சுகிர்தம் அழுகையினூடே சிரித்தாள். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். வெளியே கண்டக்டர் நோர்வூட், பொகவந்தலாவை என்று கூவினான். அவளுடைய பஸ்தான். அது புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே அவள் காளியாயியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த பஸ்ஸுல போறேன்," என்றாள். "மாயாண்டி எப்படியிருக்கான், சொல்லு."